தமிழ்நாட்டுக்கு மூடி போடலாமா?

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் அயரப் போகிற நேரத்தில் போன் வந்தது. நான் வேலை பார்த்த ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பின் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் என்ஜினீயர் பெண். பெயர் நித்யா என்றார். குரலில் பதற்றம்.

"சார், குவார்ட்டர்ஸ்ல இருக்கிற எல்லாத் திறந்த டிரெயினுக்கும் மேல சிமென்ட் ஸ்லாப் போட்டு மூடணும்னு ஆர்டர் வந்திருக்கு. பார்க்ல இருக்கிற தமிழ்நாடும் டிரெயின்தான்னு ஆபீஸ்ல சொல்றாங்க. தமிழ்நாட்டுக்கு மூடி போடணுமா சார்? அப்புறம் இன்னொண்ணு, மெட்ராஸ் ஏன் சார் தெக்கால இருக்கு?"

தண்ணீர் வடிகிற கால்வாயைத்தான் எங்கள் தொழிலில் டிரெயின் என்போம். அவருடைய இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான், ஆனால் அதைப் போனில் சொல்ல முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அந்தப் பெண்ணுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது.

டிப்ளமா முடித்து, ஓவர்சியராகச் சேர்ந்து, வெயிலில் டேப் பிடித்து, மேஸ்திரிகளிடம் ஏமாந்து, மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லா ஓவர்சியர்களும் அப்படித்தான் தேறினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் உதவிப் பொறியாளர் சங்கரபாண்டியன் சாரின் கீழ் என்னைப் போட்ட பிறகுதான் எனக்குத் தொழில் பிடிபட்டது.

அவர் திருநெல்வேலிக்காரர். ஒரு கையில் கறுப்புக் குடை, மறு கையில் சிவப்பு பிளாஸ்டிக் மக். குளிக்கிற மக்தான். அதைப் பிடித்துக்கொண்டு சைட்டுக்குள் அவர் நுழைவதைப் பார்த்துப் புதிதாக வந்த கான்டிராக்டர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருக்கும். மொட்டை மாடியோ, குளியலறையோ, கால்வாயோ, எது முடிந்தாலும் அவர் டேப்பையும் ரசமட்டத்தையும் கேட்க மாட்டார். மேட்டு மூலையில் குத்துக்காலிட்டு உட்காருவார். ஒரு மக் தண்ணீரை அவசரமில்லாமல் ஊற்றுவார். பிறகு அந்தத் தண்ணீர் போகிற வழியெல்லாம் குனிந்தபடியே கூடப் போவார். தண்ணீர் எங்கேயாவது நின்றால் அவரும் நின்றுவிடுவார். "இங்க எதுக்கு நிக்க?" என்று முதலில் தண்ணீரைக் கேட்பார். அது பதில் சொல்லாததால் எங்களைக் கேட்பார். நிற்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்"முக்காக மேஸ்திரிகள் தவம் கிடந்தார்கள்.

நான் வெள்ளானூரில் சின்னதாக வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அவரையும் அழைத்திருந்தேன். வந்தவர் பந்தலில் உட்காராமல் நேராகக் குளியலறைக்குப் போனார். மக்கை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார்! ஊற்றினார். தண்ணீர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கூடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது. என் மாமனார் எழுந்து வேட்டியைத் தூக்கிக்கொண்டார். சார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருடமாகக் குளித்து முடித்ததும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"நேத்து ஒம்ம மதினி கேக்கா, 'இத்தன வருசமா என்னத்தத்தான் கெட்டுனிய, ஒண்ணயாவது கண்ணுல காட்டுங்களேன்'னு. கூட்டிட்டு வந்தேன்வே. எதக் காட்ட? கடப்பாரய விட்டு மேன்ஹோல் மூடியத் தெறந்து, 'இந்தா பாரு, எம்புட்டு ஆழம், ஒரு கீறல் உண்டுமா?'ன்னேன். மூக்கப் பொத்திக்கிட்டு எட்டிப் பாத்துட்டு, 'நல்லாத்தான் இருக்கு'ன்னா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"நான் கெட்டுனது பூராவும் மண்ணுக்குள்ள கெடக்குவே. ரிட்டயர் ஆவறதுக்குள்ள தரைக்கு மேல ஒண்ணு கெட்டிரணும். மனுசன் நின்னு பாக்க மாதிரி."

அதற்கு வழி தானாக வந்தது. குடியிருப்புப் பூங்காவில் பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொள்ள ஏதாவது வேண்டும் என்று பொது மேலாளர் விரும்பினார். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லா மாவட்டத்துக் குடும்பங்களும் இருந்தன. சிமென்ட்டில் ஒரு பெரிய தமிழ்நாடு செய்து தரையில் படுக்க வைப்போம், மலை மேடாக இருக்கட்டும், காவிரியில் தண்ணீர் ஓடட்டும், ஆகஸ்ட் பதினைந்து அன்று திறந்துவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த மாதக் கடைசியில் சார் ஓய்வு பெறுகிறார். வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாளே மக்கை ஆபீஸ் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்.

"மக் இல்லையா சார்?" என்றேன்.

"இது டிரெயின் இல்லவே. இது கலை" என்றார்.

அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது.

கொத்து வேலைக்கு வெள்ளானூர் முனுசாமி மேஸ்திரி. கடலுக்கு நீல மொசைக் பதிக்கவும், ஊர்ப் பெயர்களைச் செதுக்கவும் பூந்தமல்லி காதர் பாய். அடித்தளத்தை முனுசாமி பீரங்கி ஏறினாலும் தாங்குகிற மாதிரி போட்டான். அதன்மேல் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு மட்டும் இடைவெளி விட்டோம்.

ஊர்ப் பெயர்களில்தான் முதல் சண்டை. மாவட்டத் தலைநகரங்கள் மட்டும் போதும் என்று சார் சொல்லியிருந்தார். அப்போது மாவட்டங்களும் குறைவு. அடுத்த நாள் காலையிலேயே ஃபிட்டர் செல்லையா வந்து நின்றார்.

"எங்க கமுதி இல்லாத தமிழ்நாடு எதுக்குண்ணே? பேசாம ஆந்திரான்னு எழுதிப் போடுங்க."

கமுதி சேர்ந்தது. கமுதி சேர்ந்தது தெரிந்ததும் உடன்குடி வந்தது, துறையூர் வந்தது, அரூர் வந்தது. லீவில் ஊருக்குப் போனவர்கள் திரும்பும்போது அவரவர் ஊர் இருக்கிற இடத்தில் பதிக்க ஆளுக்கொரு கல் கொண்டு வரும் வழக்கம் ஒன்று எப்படியோ தொடங்கிவிட்டது. சேலத்துக்காரர் வெள்ளைக் கல் கொண்டு வந்தார். நெய்வேலிக்காரர் பழுப்பு நிலக்கரிக் கட்டியை முறுக்கு டப்பாவில் வைத்துக் கொண்டு வந்தார். தஞ்சாவூர்க்காரர் மட்டும் மஞ்சள் பையில் மண்ணோடு வந்து, "எங்க ஊர்ல ஏது சார் கல்லு?" என்றார். கல்லே இல்லாத ஊரில் எப்படி அவ்வளவு பெரிய கல் கோயில் கட்டினார்கள் என்று காதர் பாய் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக முனுசாமி ஒரு செங்கல் துண்டை நீட்டினான்.

"எல்லா ஊரும் கீது. நம்ம ஊரு இல்லியே சார்."

மெட்ராஸுக்குப் பக்கத்தில் வெள்ளானூரும் பதிந்தது.

கோயில்கள் அடுத்த தலைவலி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நாங்களே பித்தளையில் செய்து தருகிறோம் என்று லேத் பட்டறைக்காரர்கள் கிளம்பினார்கள். அருமையான வேலைப்பாடுதான். ஆனால் லேத்தில் கடைந்ததால் விமானம் சதுரமாக இல்லாமல் உருண்டையாக வந்தது. கோபிக்க முடியுமா? வைத்தோம். அதைப் பார்த்த மதுரைக்காரர்கள் மீனாட்சி கோபுரத்தை இன்னும் உயரமாகக் கடைந்தார்கள். சிதம்பரம் அதைத் தாண்டியது. எந்தக் கோபுரமும் தொட்டபெட்டாவை விட உயரமாக இருக்கக் கூடாது என்று சார் கடைசியில் உத்தரவு போட்டார். உடனே மூன்று கோஷ்டியும் ஒன்று சேர்ந்து, தொட்டபெட்டாவை ஒரு சாண் உயர்த்த முடியுமா என்று கேட்டுக்கொண்டு வந்தன.

திறப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் காவிரியில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். மேட்டூரில் ரப்பர் குழாயைப் பொருத்திவிட்டுத் தஞ்சாவூர்க்காரர்கள் எல்லாரும் கடைமடையில் போய் நின்றார்கள். ஒருவர் பூப்போட வந்திருந்தார். சார் புதுச் சட்டை போட்டிருந்தார். குழாயைத் திறந்தோம்.

தண்ணீர் மேட்டூரை விட்டு இறங்கியது. ஈரோடு வரை வந்தது. அங்கே நின்று இரண்டு பக்கமும் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிக் கோயம்புத்தூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து போய்விட்டது.

பூ வைத்திருந்தவர் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னா சார் இது, காவேரி கேரளாக்கா போய்க்கினு கீது!" என்றான் முனுசாமி.

ஸ்டோர் கீப்பர் வர்கீஸ் கோட்டயத்துக்காரர். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு பதறிப்போனார். "எண்ட கர்த்தாவே! நாங்க கேட்டதே இல்லை சாரே!"

சார் ஆபீஸுக்கு ஆள் அனுப்பி மக்கை வரவழைத்தார். புதுச் சட்டையோடு நாகப்பட்டினத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மக் ஊற்றினார். தண்ணீர் கடலிலிருந்து ஊருக்குள் வந்தது. அதன் பின்னாலேயே திருவாரூர், திருச்சி, கரூர் என்று குனிந்தபடி போய்க் கேரளாவில் நின்று நிமிர்ந்தார்.

"முனுசாமி, தரை வாட்டமா இருக்கு."

தண்ணீர் வடிவதற்காகத் தரையில் வைக்கும் சரிவைத்தான் வாட்டம் என்போம். பூங்காவின் மேற்கு ஓரத்தில் ஏரிக்குப் போகும் பெரிய கால்வாய் இருந்தது. முனுசாமி அதைப் பார்த்து வாட்டம் வைத்துவிட்டான்.

"வாட்டம் வைக்கச் சொன்னது யாருடே?"

"யாரும் சொல்லல சார். தரன்னு போட்டா வாட்டம் வெக்காம எப்டி சார் போட்றது? கை வர்ல சார்."

பொய்யில்லை. அத்தனை வருடம் மக்குக்குப் பயந்து வேலை செய்த கை அது. நானும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது. தட்டையாகப் போட்டிருந்தால்தான் இது என்ன கோணல் என்று கேட்டிருப்பேன்.

பீரங்கி தாங்கும் தரையை உடைத்துப் போட ஒரு மாதமாவது ஆகும். அதற்குள் சார் வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்குப் பின்னால் வருகிறவர் இதைத் தொடவும் மாட்டார். சாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வாழ்க்கையில் ஒன்றே ஒன்று கேட்ட மனிதர், அதுவும் தன் மனைவிக்குக் காட்ட. அவர் குடையை விரித்துக்கொண்டு அந்தத் தமிழ்நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வாட்டத்த மாத்த முடியாதுவே. தமிழ்நாட்டத் திருப்பிர வேண்டியதுதான்."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது தலை சுற்றியது. படத்தை அப்படியே அரைச் சுற்றுத் திருப்பினால் மலை கிழக்கு மேட்டுக்குப் போய்விடும், வங்காள விரிகுடா மேற்குக் கால்வாய்ப் பக்கம் வந்துவிடும், காவிரி ஒழுங்காகக் கடலுக்கு ஓடும். கன்னியாகுமரி வடக்கேயும் மெட்ராஸ் தெற்கேயும் போகும், அவ்வளவுதான்.

"கேட்டுல நுழைஞ்சதும் மெட்ராஸ் காலடியில தலைகீழாத் தெரியுமே சார்?"

"அப்ப கேட்டையும் திருப்பும்."

திருப்பினோம். தெற்கே சாலையைப் பார்த்து இருந்த பூங்கா வாசலை அடைத்து, வடக்குப் பக்கம், கேன்டீன் பின்கட்டில் புது வாசல் திறந்தோம். மலைகளைத் தரையிலிருந்து பெயர்த்துக் கூடை கூடையாக அந்தப் பக்கம் கொண்டு போய் மறுபடி கட்டினோம். காதர் பாய் உளியோடு ஊர் ஊராக உட்கார்ந்து எடுத்தார்.

"இன்னா ஓவர்சியர் சார், ராமேஸ்வரத்தப் பேத்து அந்தாண்ட வெக்கச் சொல்றீங்க. நா இன்னா அனுமாரா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கல் உடையாமல் பெயர்த்து வைத்தார் அந்த மனிதர்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று பொது மேலாளரும் விருந்தினர்களும் பாத்திரம் தேய்க்கும் இடத்தைத் தாண்டி, புளித்த மாவு வாசனையோடு உள்ளே வந்தார்கள். அந்த வாசலிலிருந்து பார்த்தால் எல்லாம் பள்ளிக்கூடப் படத்தில் இருப்பது போலவே இருந்தது. காவிரி இந்த முறை கடலுக்குப் போனது. பூ போட வேண்டியவர் பூம்புகாரில் பூப்போட்டார். கோமதி அம்மாள், அவர்தான் சாரின் மனைவி, பட்டுப்புடவையில் வந்து ஒவ்வொரு ஊராக வாய்விட்டுப் படித்தார். எல்லாம் பார்த்து முடித்ததும் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார்.

"ஏங்க, வெயில் கேரளாவுலேர்ந்து அடிக்கே?"

சார் குடையை விரித்து அவருக்குப் பிடித்தார். "ஆகஸ்ட்டுல அப்படித்தான்" என்றார்.

ஆமாம், அது ஒன்றைத்தான் திருப்ப முடியவில்லை. எங்கள் தமிழ்நாட்டில் சூரியன் கேரளாவில் உதித்து வங்காள விரிகுடாவில் மறைந்தது. குவார்ட்டர்ஸ்காரர்களுக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. "திருச்சியில நிக்கிறேன், வந்துடு" என்று பெண்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். நாகப்பட்டினம் பெஞ்சில் உட்கார்ந்து பெரியவர்கள் சூரிய அஸ்தமனம் பார்த்தார்கள். சார் ஓய்வு பெற்று அம்பத்தூரில் குடியேறிய பிறகும், சொந்தக்காரர் யார் வந்தாலும் பஸ் ஏற்றி அழைத்து வந்து காட்டிவிட்டுப் போவார்.

தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் குடியிருப்புக்குப் பொறுப்பாக மாற்றலாகி வந்தார். நல்ல மனிதர், ஆனால் எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. சாயங்காலம் நடக்கப் போனவர் சூரியன் சிதம்பரத்துக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் கையில் திசைகாட்டியோடு வந்தார். பிள்ளைகளுக்குப் பூகோளத்தைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுக்கும் இந்தப் பொருளைத் தீபாவளிக்குள் இடித்துவிட வேண்டும் என்று என்னிடமே சொன்னார். நான் மூன்று நாள் சாருக்குச் சொல்லவில்லை. நான்காம் நாள் அம்பத்தூருக்குப் போய்ச் சொன்னேன். கோமதி அம்மாள் காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சார், "சரிவே" என்றார். அவ்வளவுதான்.

இடிக்க ஆள் வருவதற்குள் ஐப்பசி மழை முந்திக்கொண்டது. விடாமல் அடித்தது. கோவில்பதாகைப் பக்கம் ரோடே தெரியவில்லை. குவார்ட்டர்ஸின் கிழக்குத் தெருவில் கால்வாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வாசற்படிகளில் ஏறத் தொடங்கியது. நான் ஆட்களோடு ஓடினேன். நாங்கள் போவதற்கு முன்பே தண்ணீர் தனக்கு வழி கண்டுபிடித்திருந்தது. கிழக்குத் தெருவிலிருந்து பூங்காவுக்குள் புகுந்து, மலையில் முட்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்ந்து, திருச்சி, தஞ்சாவூர், பூம்புகார் என்று எங்கும் நிற்காமல் ஓடி மேற்குக் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வடிந்தது. உருண்டைப் பெரிய கோயில் மட்டும் வெள்ளத்துக்கு நடுவே பளபளவென்று நின்றது.

வர்கீஸ் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "ஓவர்சியர் சாரே, எடுத்த தண்ணியத் திருப்பிக் கொடுத்தாச்சு. கணக்கு முடிஞ்சது" என்றார்.

அப்போதுதான் குடைக்குள் இரண்டு பேர் நடந்து வருவதைப் பார்த்தேன். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சாரும் கோமதி அம்மாளும் அந்த மழையில் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். சார் குடையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கணவாயிலிருந்து பூம்புகார் வரை தண்ணீரோடு கூடவே குனிந்து நடந்தார். கடைசியில் நிமிர்ந்து, "ம்" என்றார்.

அதிகாரியும் வந்து சேர்ந்தார். தெரு வடிந்ததைப் பார்த்தார், காவிரியைப் பார்த்தார். இவ்வளவு நன்றாக வேலை செய்கிற இது உண்மையில் என்ன, யார் கட்டியது என்று கேட்டார். வரைபடம் என்றால் இடிப்பார். வேறு என்னவென்று சொல்ல, அதுவும் சாரை வைத்துக்கொண்டு? அவர் இதைக் கட்டியதே எதற்காக என்று எனக்குத் தெரியுமே!

சார் முன்னால் வந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"நான்தான் சார் கட்டினேன். இது டிரெயின்" என்றார்.

அதிகாரி தலையாட்டினார். டிரெயின் என்றால் சரி, டிரெயினுக்குத் திசை கிடையாது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆபீஸில் அதற்கு அதுதான் பெயர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையாக இருந்ததால் தப்பித்தேன். "சார், நீங்களே உங்க வாயால டிரெயின்னு சொல்லிட்டீங்களே" என்றேன்.

சார் மனைவியைப் பார்த்தார். கோமதி அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு கும்பகோணத்தில் தண்ணீர் திரும்புகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"போட்டும்வே. நான் கெட்டுனதுல தெறந்து கெடக்க டிரெயின் இது ஒண்ணுதான். மேல மூடி மட்டும் போட விட்டுராதீரும்."

சார் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அதனால்தான் நித்யா, இதை எழுதுகிறேன். போட விட்டுவிடாதே அம்மா.